கானிக்கல் ஃபிளாஸ்க்கை எதில் கழுவினீர்கள்?

போன வாரம் வேதியியல் ஆய்வகத்தில் டைட்ரேஷன் (ஒரு கரைசலில் இன்னொன்றைச் சொட்டுச் சொட்டாக விட்டு, அதில் பொருள் எவ்வளவு என்று கண்டுபிடிப்பது) செய்துகொண்டிருந்த முதலாமாண்டு மாணவி ஒருத்தி வந்து நின்றாள். “சார், மூணு தடவை பண்ணிட்டேன். மூணும் மூணு மாதிரி வருது.” நான் ரீடிங்கைப் பார்க்கவே இல்லை. வினை நடக்கும் கூம்புக் குடுவையைக் காட்டி, “கானிக்கல் ஃபிளாஸ்க்கை எதுல கழுவினே?” என்றேன்.

“பிப்பெட்ல எடுக்குற சொல்யூஷன்லதான் சார். நல்லா ரெண்டு தடவை.”

அந்த ‘நல்லா ரெண்டு தடவை’யால் நானும் ஒரு காலத்தில் கெட்டவன்தான். கோட்டு போடு, அமிலத்தைத் தண்ணீரில் ஊற்று என்பதெல்லாம் ஆய்வகச் சுவரிலேயே ஒட்டியிருக்கும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

எதை எதில் கழுவுவது

பியூரெட்டையும் (சொட்டுச் சொட்டாக விடும் அளவுக் குழாய்) பிப்பெட்டையும் (குறித்த அளவை உறிஞ்சி எடுக்கும் குழாய்) தண்ணீரில் கழுவியபின், அவற்றில் எடுக்கப்போகும் கரைசலாலேயே ஒருமுறை அலச வேண்டும். உள்ளே தங்கிய தண்ணீர் கரைசலை நீர்த்துவிடும் என்பதால் இந்த ஏற்பாடு. இதுவரை எல்லாருக்கும் புரிகிறது. பிறகு அதே கையோடு கானிக்கல் ஃபிளாஸ்க்கையும் கரைசலில் அலசிவிடுகிறார்கள். எனக்கு எரிச்சல் வருவது இந்த இடத்தில்தான்.

ஃபிளாஸ்க்கின் வேலை அளப்பது இல்லை. அளவு பிப்பெட்டிலேயே முடிந்துவிட்டது. டம்ளரில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டாயிற்று என்றால், தண்ணீர் அரை டம்ளரோ முழு டம்ளரோ, சர்க்கரை இரண்டு ஸ்பூன்தான். அதனால் ஃபிளாஸ்க்கில் காய்ச்சி வடித்த நீர் ஈரமாக நின்றால் ஒரு கெடுதலும் இல்லை. கரைசலின் ஈரம் நின்றால்தான் வம்பு. 20 மி.லி. பிப்பெட்டுடன் அரை மி.லி. ஒட்டிக்கொண்டால் 2.5 சதவீதம் கூடிப்போகும், 20.0 வர வேண்டிய இடத்தில் 20.5 வரும். தங்கும் அளவு ஒவ்வொரு தடவையும் மாறுவதால் கன்கார்டன்ட் வேல்யூ, அதாவது ஒன்றோடொன்று ஒத்துவரும் ரீடிங், கிடைக்கவே கிடைக்காது.

என் பிராக்டிகல் தேர்வில் ஊதா நிறப் பெர்மாங்கனேட்டை வைத்து ஆக்ஸாலிக் அமிலம் எவ்வளவு என்று கண்டுபிடிக்கச் சொல்லியிருந்தார்கள். கொடுத்ததை 100 மி.லி. ஸ்டாண்டர்டு ஃபிளாஸ்க்கில் குறி வரை நிரப்பிக்கொள்ள வேண்டும். அதற்குமேல் ஒரு சொட்டு கிடையாது. நான் தாராளமாக ஒவ்வொரு தடவையும் ஃபிளாஸ்க்கை அதிலேயே அலசினேன். வந்தது 19.9, 20.6, 20.2. நாலாவது தடவைக்குப் பிப்பெட்டை விட்டால் கரைசல் பாதிக்குமேல் ஏறவில்லை. மூன்றையும் சராசரி போட்டு எழுதினேன். எக்ஸ்டர்னல் (வெளியிலிருந்து வந்த தேர்வாளர்) தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் அடுத்த மேசைக்குப் போய்விட்டார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

பியூரெட்டின் புனல்

நிரப்பியதும் எடுத்துவிடுங்கள். சொட்டும்.

பிப்பெட்டின் கடைசித் துளி

ஊதாதீர்கள். அந்தத் துளியைக் கழித்துத்தான் குறியே போட்டிருக்கிறார்கள்.

பெர்மாங்கனேட்டில் அவசரம்

ஆக்ஸாலிக் அமிலத்தை 60–70 டிகிரிக்குச் சூடாக்காமல் தொடங்கினால் முதல் துளியின் நிறமே சீக்கிரம் போகாது. “சார், எண்ட் பாயிண்ட் 0.2!” என்று ஒரு குரல் வருடாவருடம் கேட்கும். நிறம் நின்றதும் வினை முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள். சூடாக இருந்தால்கூட முதல் துளி கொஞ்சம் தயங்கும். வினையில் உண்டாகும் மாங்கனீசு அயனியே அடுத்தடுத்த துளிகளை வேகப்படுத்திவிடும். அதற்காகக் கொதிக்கவும் விடக்கூடாது; ஆக்ஸாலிக் அமிலம் சிதையும். கந்தக அமிலம் போதாமல் போனால் பழுப்பாகக் கலங்கும். கலங்கிவிட்டால் கீழே கொட்டிவிட்டு மறுபடி தொடங்குவதே மேல். அப்புறம், இந்த மாதிரி அடர்ந்த கரைசலுக்கு மட்டும் மேல் விளிம்பைப் பார்த்து ரீடிங் எடுங்கள். அடர்நிறத்தில் கீழ் வளைவு தெரியாது.

எல்லாருக்கும் குளோரைடு

சால்ட் அனாலிசிஸில் (கொடுத்த உப்பில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் சோதனையில்) ஒருமுறை ஒரு வரிசை முழுக்கக் குளோரைடு என்று எழுதியிருந்தது. நான் கொடுத்ததோ ஆளுக்கு ஒரு உப்பு. டெஸ்ட் டியூப்பைக் குழாய்த் தண்ணீரில் கழுவி அப்படியே சில்வர் நைட்ரேட் விட்டிருக்கிறார்கள். குளோரைடு இருந்தால் அது வெளுக்கும். எங்கள் போர் தண்ணீர் வாயில் வைத்தாலே கரிக்கும். வெறும் தண்ணீரில் இரண்டு துளி விட்டுக் காட்டினேன். பால் மாதிரி வெளுத்தது.

“அப்போ எங்க சால்ட்ல என்னதான் சார் இருக்கு?” என்றான் ஒருவன். காய்ச்சி வடித்த நீர் இருந்த வாஷ் பாட்டிலை அவன் கையில் கொடுத்தேன்.