எண்ணெய்க்குள் ஒளிந்திருக்கும் தண்ணீர்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஜனவரிக் கோடை பிறந்தால் போதும், சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் வீடுகளின் சமையலறை ஜன்னலில் ஜாம் பாட்டில் ஏறிவிடும். முகத்தில் பூச ஊறவைக்கும் மூலிகை எண்ணெய் அது: உள்ளே தேங்காயெண்ணெய், அதில் மிதக்கும் பச்சைத் துளசி. பார்க்க அழகுதான். மூன்றாவது வாரம் மூடியைத் திறந்தால் ஊசல் வாடை. பாட்டிலைக் கழுவுங்கள், நல்ல எண்ணெய் வாங்குங்கள் என்பதெல்லாம் ஊருக்கே தெரியும். தெரியாமல் நடப்பவை வேறு.

பச்சை இலையை அப்படியே போடுவது

காசைக் கரியாக்கும் தவறு இதுதான். எத்தனை முறை சொன்னாலும் ஓயாததும் இதுதான்.

பச்சை இலையில் பெரும்பங்கு தண்ணீர். வெறும் எண்ணெயில் பூஞ்சை வளராது; இலையிலிருந்து கசியும் நீரில் வளரும். எண்ணெய்க்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் நுனியில்தான் முதலில் வெள்ளை பூக்கும். அதை மட்டும் கரண்டியால் எடுத்துப் போட்டுவிட்டு மிச்சத்தை முகத்தில் பூசுகிறவர்கள் உண்டு. வேண்டாம், முழுப் பாட்டிலும் குப்பைக்கு. “வைட்டமின் ஈ ஊற்றினேனே” என்பார்கள். அது எண்ணெய் சிக்கடிப்பதைத் தள்ளிப்போடும், பூஞ்சையைக் கொல்லாது.

இலையை நிழலில் காயவைத்துத் தினமும் நிறுத்துப் பாருங்கள். இரண்டு நாள் எடை குறையாமல் நிற்க வேண்டும், கசக்கினால் இலை நொறுங்க வேண்டும், காம்பு சடக்கென்று ஒடிய வேண்டும். டர்பன் கோடையின் ஈரக்காற்றில் எடை நின்றாலும் இலை நொறுங்காது. அப்போது இலையை ஓவனில் 50 டிகிரியில் வைத்து, கதவைக் கொஞ்சம் திறந்துவிட்டு மிச்ச ஈரத்தைப் போக்குங்கள். ஆறியதும் உடனே எண்ணெயில் போட வேண்டும். வெளியே கிடந்தால் மறுபடி ஈரம் இழுக்கும். 100 கிராம் எண்ணெய்க்கு 20 கிராம் உலர்ந்த இலை. கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து, எண்ணெயின் சூடு 60 டிகிரியைத் தாண்டாமல் மூன்று மணி நேரம்.

பச்சை இலைதான் வேண்டுமென்றால் ஊறவைக்காமல் தைலமாகக் காய்ச்சுங்கள். அரைத்த விழுது 60 கிராம், நல்லெண்ணெய் 250 மில்லி, இலைச்சாறு 1 லிட்டர். 1:4:16 என்ற பழைய கணக்குதான். சிறு தீயில் கிளறிக்கொண்டே இருந்தால் சலசலப்பு அடங்கி நுரை எழும். விழுதைக் கொஞ்சம் எடுத்துத் திரியாக உருட்டித் தீயில் காட்டுங்கள். படபடவென்று வெடித்தால் உள்ளே இன்னும் நீர் இருக்கிறது. சத்தமில்லாமல் எரிந்தால் இறக்கிவிடலாம். அதற்கு மேலும் அடுப்பில் விட்டால் கருகல் வாடைதான் மிஞ்சும். இவ்வளவும் சரியாகச் செய்துவிட்டு, சூட்டோடு மூடிபோட்டு, ஆவி வியர்த்துத் தண்ணீரை உள்ளேயே சொட்டவிடுகிறவர்களை என்ன சொல்ல?

சிரிங்காவை வேம்பு என்று நம்புவது

மாரியம்மன் பூசைக்கு வேப்பிலை கிடைக்காமல், வேம்பு போலவே தோன்றும் சிரிங்கா மரத்தின் கொத்தை எடுக்கும் வீடுகள் இங்கே உண்டு. பூசைக்குச் சரி. தைலத்துக்கு அது வேறு மரம், காயும் நஞ்சு. வேம்பில் ஒரே காம்பின் இருபுறமும் சிற்றிலை இருக்கும். சிரிங்காவில் காம்பு மறுபடி கிளைத்து, கிளைக்காம்பில்தான் சிற்றிலை. பூ வெள்ளையென்றால் வேம்பு, வெளிர் ஊதாவென்றால் சிரிங்கா.

எலுமிச்சைத் தோல்

நிறம் வெளுக்கும் என்று போடுகிறார்கள். எலுமிச்சைத் தோலில் உள்ள ஃபுரோகூமரின் என்ற பொருள் எண்ணெயில் இறங்கும். அதைப் பூசிக்கொண்டு பீச்சுக்குப் போனால் வெயில் பட்ட இடம் கொப்பளித்து, கறுத்த தழும்பு மாதக்கணக்கில் நிற்கும். வெளுக்கப் போட்டது கறுக்க வைக்கிறது.

ஜன்னல் வெயில்

வெளிச்சம் எண்ணெயைச் சிக்கடிக்க வைக்கும். பழுப்புப் பாட்டிலில் ஊற்றி அலமாரிக்குள் வையுங்கள்.

ஜூலைக் குளிரில் உறைந்த தேங்காயெண்ணெய்

கெடவில்லை. 24 டிகிரிக்குக் கீழே அது உறையும்.

கைக்குழந்தைக்குக் கற்பூரம்

கூடாது.

முதல் நாளே முகம் முழுக்கப் பூசுவது

முழங்கையின் உட்புறம் ஒரு சொட்டு விட்டு 48 மணி நேரம் பாருங்கள்.

குளியலறை பாட்டில்

குளித்த கையோடு விரலை உள்ளே விட்டால், ஓவனில் போக்கிய ஈரம் மறுபடி உள்ளே போகும். 50 மில்லி பாட்டிலில் கொஞ்சம் பிரித்து, சொட்டு மூடி போட்டு அதை மட்டும் அங்கே வையுங்கள். பெரிய பாட்டில் அலமாரியிலேயே இருக்கட்டும்.