மைன்கிராஃப்ட் சர்வரை வாடகை மெய்நிகர் கணினியில் நிறுவிப் பராமரிக்கும் முறை

நண்பர்கள் நான்கைந்து பேர் சேர்ந்து மைன்கிராஃப்ட் ஆட வீட்டுக் கணினி ஒன்றே போதும். ஆனால் அதன் உரிமையாளர் கணினியை அணைத்தவுடன் எல்லோருடைய ஆட்டமும் நின்றுபோகும். மேலும், பல இணைய இணைப்புகளில் வீட்டுக்கெனத் தனிப் பொது ஐபி முகவரி கிடைப்பதில்லை என்பதால், வெளியிலிருந்து அந்தக் கணினியை அடைவதே கடினமாகிவிடுகிறது. மாத வாடகைக்கு எடுக்கும் மெய்நிகர் கணினி, அதாவது தரவு மையத்துக் கணினியில் நமக்கென ஒதுக்கப்படும் ஒரு பங்கு, இவ்விரண்டு சிக்கல்களையும் தீர்க்கிறது. சர்வரை, அதாவது எல்லோரும் இணையும் பொது உலகத்தை ஓட்டும் நிரலை, நிறுவுவதற்கு ஒரு மாலைப்பொழுது போதும். பலர் மாதக்கணக்கில் கட்டியெழுப்பும் உலகத்தை இழக்காமல் காப்பதுதான் உண்மையான வேலை. இங்கு எடுத்துக்கொள்வது ஜாவா பதிப்பின் 1.21 வரிசை; இயங்குதளம் உபுண்டு 24.04.

முதலில் தரவு மையத்தின் இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆடுவோர் எங்கே இருக்கிறார்களோ அதற்கு அருகில் கணினியும் இருக்க வேண்டும். சென்னையிலும் கோவையிலும் இருப்பவர்களுக்கு மும்பை, பெங்களூரு, சென்னை ஆகியவற்றில் ஒன்றோ, அவை கிடைக்காதபோது சிங்கப்பூரோ ஏற்றது. விலை மலிவு என்பதற்காக அமெரிக்காவில் எடுத்தால், தொலைவால் வரும் தாமதத்தில், அடித்த கல் உடைந்து மீண்டும் முளைக்கும் எரிச்சலை ஒவ்வொரு நாளும் அனுபவிக்க நேரும்.

அடுத்தது செயலி. இதில்தான் பலர் தவறான திட்டத்தை வாங்குகிறார்கள். மைன்கிராஃப்ட் சர்வர் நொடிக்கு 20 முறை உலகத்தைக் கணக்கிடுகிறது. ஒவ்வொரு கணக்கீட்டுக்கும், அதாவது ஒவ்வொரு டிக்குக்கும், கிடைக்கும் நேரம் 50 மில்லிநொடி மட்டுமே. விலங்குகள், பயிர்கள், ரெட்ஸ்டோன் சுற்றுகள் அனைத்தையும் நகர்த்தும் இந்த முதன்மைச் சுழற்சி பெரும்பாலும் ஒரே கோரில் ஓடுவதால், வேகம் குறைந்த எட்டு கோர்களைவிட வேகமான இரண்டு கோர்களே பயன்தரும். மலிவான திட்டங்களில் ஒரே செயலியைப் பல வாடிக்கையாளர்கள் பகிர்ந்துகொள்கிறார்கள். வாங்கிய பின் ‘டாப்’ கட்டளையை இயக்கி, ‘எஸ்டி’ என்ற எண்ணைப் பாருங்கள். நம் கணினிக்குச் சேர வேண்டிய நேரத்தில் எவ்வளவு மற்றவர்களுக்குப் போகிறது என்பதை அது காட்டும். அந்த எண் தொடர்ந்து உயர்ந்தே இருந்தால், அமைப்புகளை எவ்வளவு மாற்றினாலும் பலனில்லை. வேறு திட்டத்துக்கு மாறிவிடுவதே நல்லது. சிறு நண்பர் குழுவுக்கு 4 ஜிபி நினைவகம் போதும்.

கணினி கைக்கு வந்ததும், விளையாட்டைத் தொடுவதற்கு முன் பாதுகாப்பைக் கவனிக்க வேண்டும். தொலைவிலிருந்து கணினிக்குக் கட்டளையிட உதவும் எஸ்எஸ்எச் வழியாக நுழைவதற்குச் சாவிக்கோப்பை உருவாக்கி, அது வேலை செய்வதை உறுதிசெய்துகொண்ட பிறகு கடவுச்சொல் நுழைவை நிறுத்துங்கள். ‘மைன்கிராஃப்ட்’ என்ற பெயரில் நிர்வாக உரிமை இல்லாத தனிப் பயனர் கணக்கைத் தொடங்கி, சர்வரை அதன் கீழ் மட்டுமே இயக்குங்கள். இது தேவையற்ற எச்சரிக்கை அன்று: 2021 டிசம்பரில் வெளிப்பட்ட லாக்4ஷெல் என்ற பாதுகாப்புக் குறையினால், உரையாடல் பெட்டியில் ஒரு வரியை அனுப்பியே மைன்கிராஃப்ட் சர்வர்களில் அந்நியர்கள் தம் நிரலை ஓடவைக்க முடிந்தது. முழு நிர்வாக உரிமையுள்ள ரூட் கணக்கில் ஓடிய சர்வர் என்றால் முழுக் கணினியும் அவர்கள் கைக்குப் போயிருக்கும்.

ஃபயர்வாலில் எஸ்எஸ்எச்சுக்குரிய 22, விளையாட்டுக்குரிய 25565 ஆகிய இரண்டு டிசிபி போர்ட்களை, அதாவது இணைப்பு வாயில்களை, மட்டும் திறக்க வேண்டும். முதலில் 22-ஐ அனுமதித்துவிட்டுப் பிறகே ஃபயர்வாலை இயக்குங்கள். வரிசை மாறினால் நீங்களே வெளியில் நிற்க நேரும். கிளவுட் நிறுவனங்கள் பலவற்றில் கணினிக்கு வெளியேயும் இன்னொரு ஃபயர்வால் உண்டு. அதை அவர்களுடைய கட்டுப்பாட்டுப் பக்கத்தில்தான் திறக்க முடியும். எல்லாம் சரியாக இருந்தும் நண்பர்களால் இணைய முடியவில்லை என்றால், முதலில் அங்கேதான் பார்க்க வேண்டும்.

இனி நிறுவல். 1.20.5 முதல் 1.21 வரிசை வரை ஜாவா 21 தேவை. உபுண்டுவின் தொகுப்பிலிருந்தே திரையில்லாத, அதாவது ஹெட்லெஸ், வகையை நிறுவிக்கொள்ளலாம். சர்வர் மென்பொருளாக விளையாட்டை உருவாக்கிய மோஜாங் நிறுவனத்தின் அசல் சர்வரைவிட, பேப்பர் என்ற மாற்றுச் சர்வரையே நான் பரிந்துரைக்கிறேன், ஏனெனில் அது குறைந்த உழைப்பில் அதே உலகத்தை ஓட்டுகிறது. முதல்முறை இயக்கியதும் அது நின்றுவிடும். உருவாகியிருக்கும் ‘யூலா’ கோப்பில் உரிம விதிகளைப் படித்து, ‘ஃபால்ஸ்’ என்பதை ‘ட்ரூ’ என மாற்றினால்தான் மேற்கொண்டு ஓடும். 4 ஜிபி கணினியில் ஜாவாவுக்கு 3 ஜிபிக்கு மேல் ஒதுக்க வேண்டாம். ஒதுக்கிய அளவுக்கு அப்பாலும் ஜாவா நினைவகம் எடுப்பதால், மிச்சம் இல்லாவிட்டால் இயங்குதளம் சர்வரையே கொன்றுவிடும்.

‘சர்வர் ப்ராப்பர்ட்டிஸ்’ கோப்பில் மூன்று வரிகள் முக்கியமானவை. ‘ஆன்லைன்-மோட்’ எப்போதும் ‘ட்ரூ’ ஆக இருக்க வேண்டும். அதை அணைத்தால், யார் வேண்டுமானாலும் உங்கள் பெயரை இட்டுக்கொண்டு உங்கள் அதிகாரத்துடன் உள்ளே வரலாம். ‘வைட்-லிஸ்ட்’டை இயக்கி, நண்பர்களின் பெயர்களை மட்டும் சேருங்கள், ஏனெனில் திறந்திருக்கும் 25565-ஐத் தேடி அலையும் நிரல்கள் இணையத்தில் நிறைய உண்டு. மூன்றாவது ‘வியூ-டிஸ்டன்ஸ்’. இயல்பான அளவு 10 என்றால், ஒவ்வோர் ஆட்டக்காரரைச் சுற்றியும் 21-க்கு 21 என்ற கணக்கில் 441 சங்க்குகள், அதாவது உலகத்தின் சதுரத் துண்டுகள், ஏற்றப்படுகின்றன. அதை 6 ஆக்கினால் 169 போதும். சிறு கணினியில் இதைப்போல் பலன் தரும் மாற்றம் வேறில்லை.

எஸ்எஸ்எச் இணைப்பை மூடினாலும் சர்வர் ஓடவேண்டும். கணினி மறுதொடக்கம் ஆனால் தானே எழவேண்டும். இதற்கு, உபுண்டுவில் பின்னணிச் சேவைகளைத் தொடங்கி நிறுத்தும் சிஸ்டம்டிக்குச் சேவைக்கோப்பு ஒன்றை எழுதி, பயனர் பெயர், கோப்புறை, இயக்கக் கட்டளை, தவறினால் மீண்டும் தொடங்கும் விதி ஆகியவற்றைக் குறிப்பிடுங்கள். நிறுத்தும்போது சிஸ்டம்டி இயல்பாக 90 நொடிகளே காத்திருந்து, பிறகு வலுக்கட்டாயமாக முடித்துவிடும். உலகம் பெரியதானால் சேமிப்பு முடிவதற்கு அது போதாமல் போகலாம் என்பதால், அந்த வரம்பை 180 ஆக உயர்த்துவது நல்லது. பின்னணியில் ஓடும் சர்வருக்குக் கட்டளையிட ஆர்கான் என்ற தொலைக்கட்டளை வசதியை இயக்கலாம். அது மறையாக்கம் இல்லாதது என்பதால், அதன் 25575 போர்ட்டை வெளியுலகுக்குத் திறக்கவே கூடாது.

காப்புப் பிரதி எடுப்பதை நாளைக்கென்று தள்ளிப்போட வேண்டாம். ஓடிக்கொண்டிருக்கும் உலகத்தை அப்படியே நகலெடுத்தால், ஒரு கோப்பு பழைய நிலையிலும் இன்னொன்று புதிய நிலையிலும் சிக்கி, பிரதி பழுதாகலாம். ஆகவே ‘சேவ்-ஆஃப்’ கட்டளையால் தானியங்கிச் சேமிப்பை நிறுத்தி, ‘சேவ்-ஆல் ஃப்ளஷ்’ கொடுத்து நினைவகத்தில் உள்ளதை வட்டில் எழுதவைத்து, நகலெடுத்த பின் ‘சேவ்-ஆன்’ கொடுக்க வேண்டும். இவை மூன்றையும் ஆர்கான் வழியாக அனுப்பும் சிறு ஸ்கிரிப்டை, குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் க்ரான் மூலம் அன்றாடம் விடியற்காலையில் ஓடச் செய்யலாம். நகலெடுப்பு இடையில் தோற்றாலும் ‘சேவ்-ஆன்’ கட்டாயம் ஓடும்படி ஸ்கிரிப்ட் அமைய வேண்டும். இல்லையேல் அன்றைய ஆட்டம் வட்டில் ஏறாமலே போகலாம். 1.21 வரிசையில் பேப்பர், விளையாட்டின் மற்ற இரு உலகங்களான நெதரையும் எண்டையும் தனித்தனிக் கோப்புறைகளில் வைக்கிறது. ‘வேர்ல்ட்’ கோப்புறையை மட்டும் எடுப்பவர் அவ்விரண்டையும் இழப்பார். பிரதிகள் அதே கணினியில் கிடந்தால் பயனில்லை. வேறோர் இடத்துக்கு அனுப்பி, மாதம் ஒருமுறையாவது அவற்றில் ஒன்றை இறக்கி, சொந்தக் கணினியில் திறந்து பாருங்கள்.

வாடகைக் கணினியை அணைத்து வைத்தாலும் பல நிறுவனங்களில் கட்டணம் ஓடிக்கொண்டே இருக்கும். முழுதும் நீக்கினால்தான் நிற்கும். நீக்குவதற்கு முன், மூன்று கோப்புறைகளையும் இறக்கிக்கொள்ளுங்கள். தனியாள் ஆட்டத்தில் அவற்றைத் திறப்பதற்கு, நெதர் கோப்புறையில் உள்ள ‘டிம்-1’ என்பதையும், எண்டில் உள்ள ‘டிம்1’ என்பதையும் ‘வேர்ல்ட்’ கோப்புறைக்குள் நகர்த்த வேண்டும். மூன்று உலகங்களிலும் கட்டியவை அப்படியே இருப்பதைக் கண்ட பிறகே நீக்கும் பொத்தானை அழுத்துங்கள்.