டாக்டருக்கு வீடியோ கால் போடும் முன்

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் கடலூர் முதுநகர்ப் பக்கம் வீட்டுக்கு ஒரு காய்ச்சல். எல்லோரும் ஒரே நேரத்தில் பெரியாஸ்பத்திரிக்குக் கிளம்பினால், ஒரு காய்ச்சலோடு போனவர் இன்னொன்றையும் வாங்கிக்கொண்டு வருவார். நான் கிராம செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். 2020 ஊரடங்கில் மத்திய அரசு, டாக்டரிடம் வீடியோ காலில் காட்டும் இ-சஞ்சீவனி சேவையை வீட்டிலிருந்தே பயன்படுத்தும்படி திறந்ததிலிருந்து எங்கள் தெருவுக்கு நான்தான் அதன் தரகர். கமிஷன் ஒரு டம்ளர் டீ.

மொபைல் எண், ஓடிபி, மாநிலம், டோக்கன் இவ்வளவுதான் பதிவு. காசு கிடையாது. பதிவைப் பேரப்பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள். உங்கள் வேலை, டாக்டர் தொட்டுப் பார்க்க முடியாததை நீங்கள் பார்த்து வைப்பது.

ஒரு தாளை எடுங்கள். காய்ச்சல் தொடங்கிய தேதியை முதலில் எழுதுங்கள். "ரெண்டு மூணு நாளா இருக்கு டாக்டர்" என்பது போதாது. டெங்கு சந்தேகம் என்றால் முதல் 5 நாளுக்குள் என்எஸ்1 என்ற ரத்தப் பரிசோதனை, அதைத் தாண்டினால் ஐஜிஎம் என்ற இன்னொரு ரத்தப் பரிசோதனை என்று நாளைப் பொறுத்தே முடிவெடுப்பார்கள். அப்புறம் தெர்மாமீட்டர் காட்டியது, கடைசியாகச் சிறுநீர் போன நேரம், சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள். வெள்ளத் தண்ணீரில் வெறுங்காலோடு நடந்திருந்தால் அதையும் சொல்லுங்கள், எலிக்காய்ச்சல் அப்படியும் வரும். ஆக்சிமீட்டர் வைத்துப் பார்ப்பதானால் விரலில் நெயில் பாலிஷ் இருக்கக் கூடாது.

எனக்குக் கோபம் வருவது 'செட் மாத்திரை'யில்தான். மெடிக்கலில் நாலு மாத்திரையைக் கத்தரித்துக் காகித உறையில் போட்டுத் தருகிறார்கள். வெட்டிய துண்டில் பாதிப் பெயர்கூட இருக்காது. "மஞ்சளா ஒண்ணு, வெள்ளையா ரெண்டு" என்றால் எந்த டாக்டருக்குப் புரியும்? அதில் டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரை இருந்தால் டெங்குவில் ரத்தக்கசிவு ஆபத்து கூடும். இபுப்ரோஃபென், ஆஸ்பிரினும் அப்படித்தான். டாக்டர் சொல்லும்வரை பாராசிட்டமால் மட்டும் போதும். பெயர் தெரியும் அட்டையாகவே கேட்டு வாங்குங்கள். அதைப் பின்பக்கக் கேமராவில் காட்டுங்கள்.

நோயாளி ஜன்னலைப் பார்த்து உட்காரட்டும். முதுகுக்குப் பின்னால் வெளிச்சம் இருந்தால் முகம் கறுப்பாகத்தான் தெரியும். படம் நின்று நின்று வந்தால் மொட்டைமாடி, இல்லையென்றால் குரல் மட்டும். புயல் எச்சரிக்கை வந்த அன்றே சார்ஜ் ஏற்றி வையுங்கள், கரண்ட் எப்போது வரும் என்று இங்கே யாருக்கும் தெரியாது.

சிலவற்றுக்குப் போனே கூடாது. விடாத வாந்தி, கடும் வயிற்றுவலி, ஈறில் ரத்தம், மூச்சுத்திணறல், எழுப்பினாலும் சுருண்டு படுப்பது, குழந்தை 6 மணி நேரமாகச் சிறுநீர் போகாதது என்றால் டோக்கனை விட்டுவிட்டு 108. டெங்குவில் இதெல்லாம் பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும்போதுதான் தலைகாட்டும். "சூடு விட்டுடுச்சு அக்கா, இனிமே எதுக்கு?" என்று எதிர்வீட்டுப் பெண் கேட்ட அன்றுதான் நான் அவள் மகனை இரண்டு மடங்கு கவனமாகப் பார்த்தேன்.

மருந்துச்சீட்டு போனிலேயே வரும். டாக்டரின் பெயரும் பதிவு எண்ணும் இருக்கிறதா பாருங்கள், ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். சரி, வாட்ஸ்அப் குழுவில் மட்டும் போட்டுவிடாதீர்கள். மறுநாளே நாலு வீட்டில் அதே மாத்திரையை வாங்கிவிடுவார்கள்.