மார்புக் கட்டி: கத்திக்கு முன்னால் கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

என் தங்கைக்கு இடது மார்பில் கட்டி தென்பட்டது 2022 ஆடி மாதம். குளிக்கும்போது கையில் பட்டிருக்கிறது. புளியங்கொட்டை அளவுதான், வலி இல்லை. வலி இல்லாததாலேயே மூன்று வாரம் யாரிடமும் சொல்லவில்லை. என்னிடம் சொல்லும்போது பக்கத்து ஊர் நர்சிங் ஹோம் ஒன்றில் காட்டி, "சின்னக் கட்டிதாம்மா, வெள்ளிக்கிழமை வந்தா எடுத்துடலாம்" என்று தேதியும் வாங்கி வைத்திருந்தாள். வியாழக்கிழமை ராத்திரி பஸ் ஏறினேன். அந்த அறுவையை நிறுத்தியதுதான் அவளுக்கு நான் செய்த பெரிய காரியம். உங்கள் வீட்டில் இப்படி ஒரு வெள்ளிக்கிழமை வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் 1991-இல் ஸ்டாஃப் நர்ஸாகச் சேர்ந்தவள். பெண்கள் அறுவைப் பிரிவில் பல வருஷம் இருந்தேன். அப்போதெல்லாம் மார்பில் புற்று என்று வந்தால் எங்கள் வார்டில் ஒரே வழி: மார்பை எடுத்து, அக்குள் நெறிகளையும் முழுக்க எடுத்துவிடுவார்கள். கீமோ மருந்து, கரண்ட் என்று நாங்கள் சொல்லும் கதிர்வீச்சு எல்லாம் அதற்கு அப்புறம். கட்டியை மட்டும் எடுத்துக் கரண்ட் வைத்தாலும் உயிர் காப்பதில் வித்தியாசம் இல்லை என்று அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷர் குழு 1985-லேயே காட்டிவிட்டது. எங்கள் வார்டுக்கு அது வந்து சேர வெகுநாள் ஆயிற்று. இன்று முதல் கேள்வி "எப்போது எடுப்பது?" என்பதல்ல, "இது எந்த வகை?" என்பதுதான். வகை தெரியாமல் கட்டியை எடுத்தால், மருந்து கொடுத்து அது சுருங்குகிறதா என்று பார்க்கும் வாய்ப்பே போய்விடும்.

ஆகவே முதலில் படம். நாற்பதுக்குக் கீழே இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் முதலில் செய்வார்கள். அதற்கு மேல், மார்பை அழுத்தி எடுக்கும் எக்ஸ்ரேயான மேமோகிராமும் ஸ்கேனும் சேர்த்து. கட்டி எதுவும் இல்லாமல் சோதனைக்காக மட்டும் போகிறவர்கள் மாதவிலக்கு தொடங்கிய ஒரு வாரம் கழித்துத் தேதி வாங்குங்கள், அழுத்தும்போது வலி குறைவாக இருக்கும். கட்டி தட்டுப்பட்டவர்கள் அந்தக் கணக்கெல்லாம் பார்க்க வேண்டாம், நாளைக்கே போங்கள். அன்று அக்குளில் பவுடரோ ஸ்பிரேயோ போடக் கூடாது, அந்தத் துகள் படத்தில் சுண்ணாம்புப் புள்ளி போலத் தெரியும். புடவையோ சுடிதாரோ, மேலாடையை மட்டும் கழற்றுகிற மாதிரி போங்கள். பழைய படம் இருந்தால் கட்டாயம் எடுத்துப் போக வேண்டும். போன முறைக்கும் இந்த முறைக்கும் என்ன மாறியது என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. ஸ்வீடனில் ஒவ்வொரு படத்தையும் இரண்டு டாக்டர்கள் படிப்பது வழக்கம். அங்கே 80,000 பெண்களை வைத்துச் செய்த ஆய்வில், கம்ப்யூட்டரின் செயற்கை நுண்ணறிவைத் துணைக்கு வைத்ததில் படிக்கும் வேலை 44 சதவீதம் குறைந்தது, கண்டுபிடித்த புற்றும் குறையவில்லை என்று 2023-இல் வெளியிட்டார்கள்.

ரிப்போர்ட்டின் அடியில் பைராட்ஸ் என்று ஒரு எண் இருக்கும். 1, 2 என்றால் பயமில்லை. 3 என்றால் புற்றாக இருக்க நூற்றுக்கு இரண்டுக்கும் குறைந்த வாய்ப்புதான், ஆறு மாதத்தில் மறுபடி பார்க்கச் சொல்வார்கள். அந்த ஆறாவது மாதத்தை மட்டும் மறக்கக் கூடாது. 4, 5 என்றால் சதை எடுத்துப் பார்த்தே ஆக வேண்டும். 0 என்று போட்டிருந்தால் "ஒன்றுமில்லை" என்று அர்த்தமில்லை, "இன்னும் படம் வேண்டும்" என்று அர்த்தம். அதைப் பார்த்து நிம்மதியாக வீட்டுக்குப் போன ஒரு அம்மாவை எனக்குத் தெரியும். தங்கைக்கு 5. கைக்குப் புளியங்கொட்டை, ஸ்கேனில் 2.6 சென்டிமீட்டர்.

அடுத்தது ட்ரூகட் பயாப்சி, அதாவது தடித்த ஊசியால் சதை எடுத்துப் பார்ப்பது. இதில்தான் நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். மெல்லிய ஊசியால் உறிஞ்சிப் பார்க்கும் எஃப்என்ஏசி மட்டும் போதாது, அதில் செல்தான் வரும். ட்ரூகட்டில் சதைத் துணுக்கு வரும், வகை பார்க்க அது வேண்டும். மரத்துப்போக ஊசி போட்டுவிட்டுத்தான் எடுப்பார்கள். ஸ்டேப்ளர் அடிக்கிற மாதிரி "டக்" என்று சத்தம் கேட்கும், அதைக் கேட்டுத் துள்ளிவிடாமல் இருக்க முன்கூட்டியே சொல்லி வையுங்கள். "ஊசி குத்தினா பரவிடும்" என்று என் பெரியம்மா போனில் அழுதார். அந்தப் பயத்துக்காகச் சோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

சின்ன ஊர்களில் சதையை லேபுக்குக் கொண்டுபோகிற வேலையை வீட்டு ஆளிடமே கொடுத்துவிடுவார்கள். டப்பாவை வாங்கும்போதே, உள்ளே இருப்பது ஃபார்மலின்தானா, பெயரும் எந்தப் பக்கம் என்பதும் எழுதியிருக்கிறதா என்று கேளுங்கள். சலைனில் போட்டாலோ, வெறுமனே காய விட்டாலோ சதை கெட்டுவிடும். மூன்று நாளுக்கு மேல் ஃபார்மலினில் கிடந்தாலும், வகையைச் சொல்லும் ஹார்மோன், ஹெர்-2 சோதனைகள் சரியாக வராமல் போகலாம். அன்றே கொண்டுபோய்க் கொடுத்து ரசீது வாங்குங்கள். மெழுகில் பதித்த பிளாக் எங்கே இருக்கிறது என்றும் எழுதி வையுங்கள். வேறு டாக்டரிடம் கருத்துக் கேட்கப் போனால் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

வகையைச் சொல்வது ஐஎச்சி ரிப்போர்ட், அந்தச் சதையில் சாயம் ஏற்றிப் பார்க்கும் சோதனை. ஈஆர், பிஆர் என்பவை ஹார்மோன் மருந்துக்குக் கட்டி கட்டுப்படுமா என்று சொல்லும். ஹெர்-2 என்பது கட்டியை வளரத் தூண்டும் ஒரு புரதம், அதற்கு 0, 1+, 2+, 3+ என்று வரும். 3+ பாசிட்டிவ். 2+ வந்தால் முடிவு சொல்ல முடியாது, ஃபிஷ் என்ற இன்னொரு சோதனை வேண்டும். தங்கைக்கு 2+ வந்தது. "காத்துக்கிட்டிருந்தா பெருசாயிடாதாக்கா?" என்று தினமும் கேட்டாள். சில நாள் காத்திருப்பில் எதுவும் கெட்டுவிடாது என்று சொல்லிச் சொல்லி ஃபிஷ் வரை கொண்டுபோனோம். பாசிட்டிவ்.

ரிப்போர்ட்டில் "நெகட்டிவ்" என்று மட்டும் எழுதியிருந்தால் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். 2022-க்கு முன் 0-வுக்கும் 1+க்கும் வைத்தியத்தில் வித்தியாசம் இல்லை. இப்போது, வேறு உறுப்புக்குப் பரவிய நோயில், 1+ இருந்தாலும் ட்ராஸ்டுசுமாப் டெருக்ஸ்டெகான் என்ற மருந்து வேலை செய்யும் என்று தெரிந்திருக்கிறது. பழைய ஃபைலில் இருக்கும் அந்த ஒரு எண் ஒரு பெண்ணுக்குக் கதவைத் திறக்கலாம்.

ஹெர்-2 பாசிட்டிவ் என்றால் ஒரு காலத்தில் எங்களுக்கு வயிறு கலங்கும். வேகமாகப் பரவும் வகை. 1998-இல் அமெரிக்காவில் ஹெர்-2-வைக் குறிவைக்கும் ட்ராஸ்டுசுமாப் மருந்து அனுமதி பெற்றது, விலையைக் கேட்டாலே வீடு விற்க வேண்டும். 2014-இல் இந்தியாவிலேயே செய்த அதன் ஒப்பு மருந்து விற்பனைக்கு வந்தது, பிறகு பல கம்பெனிகள் செய்தன. இப்போது காப்பீட்டுத் திட்டத்தில் கிடைக்குமா என்று மருத்துவமனையின் காப்பீட்டு மேஜையில் முதல் நாளே கேளுங்கள். ரேஷன் கார்டும் ஆதாரும் வருமானச் சான்றும் ஃபைலிலேயே இருக்கட்டும்.

தங்கைக்கு முதலில் இதயத்துக்கு எக்கோ எடுத்தார்கள், ட்ராஸ்டுசுமாப் இதயத்தைத் தளர்த்தலாம் என்பதால். கீமோ தொடங்கும் முன் கட்டிக்குள் ஒரு குட்டி க்ளிப் வைத்தார்கள். இதைக் கேட்க மறக்காதீர்கள். மருந்தில் கட்டி முழுக்கக் கரைந்துவிட்டால் சர்ஜனுக்கு இடம் காட்ட அதுதான் இருக்கும். அவளுக்கு அப்படியேதான் ஆயிற்று. கடைசி ஸ்கேனில் க்ளிப்பைத் தவிர எதுவும் தெரியவில்லை. அந்தப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது வார்டில் நான் டிரெஸ்ஸிங் செய்த எத்தனையோ முகங்கள் ஞாபகம் வந்தன.

அறுவையில் மார்பை எடுக்கவில்லை. மார்பில் நீலச் சாயம் செலுத்தி, அக்குளில் முதலில் சாயம் ஏறும் நெறிகளை மட்டும் எடுத்துப் பார்த்தார்கள். அதில் புற்று இல்லை என்பதால் மற்றதை விட்டுவிட்டார்கள். கை வீங்கிப்போகும் தொல்லை இதனால் வெகுவாகக் குறைகிறது. மறுநாள் சிறுநீர் பச்சை நீலமாகப் போகும், பயப்பட வேண்டாம். எழுந்து உட்கார்ந்ததும் சுவரில் விரலால் ஏறும் பயிற்சி. தங்கை தினமும் எட்டிய உயரத்தைப் பென்சிலால் கோடு போட்டாள். அந்தக் கோடுகளுக்கு மேல் இன்னும் வெள்ளை அடிக்கவில்லை.

கீமோ இல்லாமல் நேரே அறுவைக்குப் போகிறவர்கள் சர்ஜனிடம் ஒன்று கேளுங்கள். மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையின் ராஜேந்திர பட்வே குழு 1,600 பெண்களிடம் செய்து 2023-இல் வெளியிட்ட ஆய்வு இது. கட்டியைச் சுற்றி மரத்துப்போகும் லிக்னோகைன் மருந்தை அறுவைக்குச் சில நிமிடம் முன் போட்டார்கள். ஐந்து வருஷம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் போடாதவர்களில் 86.4 சதவீதம், போட்டவர்களில் 90.1. பல் பிடுங்கப் போடுகிற சாதாரண மருந்துதான், செலவு மிகக் குறைவு. உங்களுக்குப் பொருந்துமா என்று கேட்பதில் தவறே இல்லை.

கரண்ட் அவளுக்கு மூன்று வாரத்தில் 15 முறை. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஐந்து, ஆறு வாரம் லாட்ஜில் தங்குவார்கள். ஒரே வாரத்தில் ஐந்து முறை வைத்தாலும் பலன் குறையவில்லை என்று 2020-இல் இங்கிலாந்தில் காட்டியிருக்கிறார்கள். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் இதைக் கட்டாயம் விசாரியுங்கள். ட்ராஸ்டுசுமாப் மூன்று வாரத்துக்கு ஒரு முறை, மொத்தம் ஒரு வருஷம் போனது. ஈஆர் பாசிட்டிவ் என்பதால் டமாக்சிஃபென் என்ற ஹார்மோன் மாத்திரை தினம் ஒன்று, ஐந்து வருஷம் குறைந்தது. இடையில் நிறுத்துகிறவர்கள் நிறையப் பேர், "நல்லாத்தானே இருக்கேன்" என்று. காபி டம்ளர் பக்கத்திலேயே மாத்திரையை வைக்கச் சொல்லியிருக்கிறேன். மாதவிலக்கு நின்ற பிறகு ரத்தம் பட்டால் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும், அந்த மாத்திரை கர்ப்பப்பையைத் தூண்டலாம்.

வீட்டுக்கு வரும் நர்ஸ் மார்பைப் பார்க்கணும் என்றால் கதவைச் சாத்திவிட்டுக் காட்டுங்கள். மும்பையில் ஒன்றரை லட்சம் பெண்களை வைத்து 20 வருஷம் பார்த்தார்கள். பயிற்சி பெற்ற பெண் ஊழியர்கள் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை கையாலேயே தடவிச் சோதித்ததில், ஐம்பது தாண்டியவர்களிடம் மார்புப் புற்றுச் சாவு கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைந்தது. மெஷின் இல்லாத ஊரிலும் இது நடக்கும்.

தங்கைக்கு அப்போது வயது 47 என்பதால், குடும்பத்தில் வழிவழியாக வந்து மார்புப் புற்றுக்கு வழிசெய்யும் பிஆர்சிஏ மரபணுக் கோளாறு இருக்கிறதா என்று பார்க்கவும் ரத்தம் கொடுத்தோம். இல்லை என்று வந்தது. இருந்திருந்தால் எனக்கும் என் பெண்ணுக்கும் சோதனை செய்ய வேண்டியிருந்திருக்கும், அதனால் முடிவு வரும் வரை என் பெண்ணிடம் சொல்லவில்லை. அது தப்பு. முன்பே சொல்லியிருக்க வேண்டும்.