பழைய டேன்டம் (இருவர் முன்பின்னாக உட்கார்ந்து மிதிக்கும்) சைக்கிள் வாங்கும்போது

பெயிண்டில் மயங்காதீர்கள். நான் முதலில் குனிந்து பார்ப்பது ஃபிரேமின் அடிக்குழாயைத்தான். அதில் நசுங்கலோ, ஜாயின்டில் மயிரிழை விரிசலோ தெரிந்தால் சும்மா கொடுத்தாலும் வேண்டாம். சீட்டைத் தாங்கும் குழாய் (சீட் போஸ்ட்) இறுகியிருந்தால் எண்ணெய் விட்டு ஊறவையுங்கள். சுத்தியலை எடுக்கவே கூடாது.

இருவர் எடையைத் தாங்க 40 அல்லது 48 கம்பிச் சக்கரங்கள் இதில் இருக்கலாம். ரிம் கெட்டாலும் சக்கர நடுவில் இருக்கும் அந்த ஹப்பைத் தூக்கி எறியாதீர்கள், மறுபடி கிடைப்பது கஷ்டம்.

முன் ஆளின் பெடல்களையும் பின் ஆளின் பெடல்களையும் இணைக்கும் செயின் பெரும்பாலும் இடப்பக்கம் ஓடும். பல வண்டிகளில் முன் பெடல்களின் அச்சு, மையம் விலகிய ஓர் உருளைக்குள் இருக்கும். அந்த உருளையைத் திருப்பினால் செயின் இறுகும். பெடலை மெல்லச் சுற்றி, செயின் மிக இறுகும் இடத்தில் விரலால் அழுத்துங்கள். கொஞ்சம் ஆட்டம் இருந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் பேரிங் தேயும். பிரேக் கட்டை, கேபிள், டயர் மூன்றும் புதிதாகவே போடுங்கள்.