புதிய ஆப்பரேட்டர் தேவையா? விவாதத்தை முடிக்க உதவிய ஐந்து படிகள்

எங்கள் குழுவில் கணக்கீட்டு விதிகளை எழுத ஒரு சிறிய உள்மொழி வைத்திருக்கிறோம். ஜாவாஸ்கிரிப்ட் சாயலில் இருக்கும். அதில் `??` ஆப்பரேட்டரைச் சேர்க்கலாமா என்று மூன்று வாரம் பேசினோம். இடப்பக்கத்தில் மதிப்பே இல்லை என்றால் மட்டும் வலப்பக்க மதிப்பை எடுக்கும் குறி அது. சேர்க்கத்தான் வேண்டும் என்று நின்றவன் நான். முதல் இரண்டு வாரமும் "படிக்க அழகாக இருக்கிறது", "புதியவர்கள் குழம்புவார்கள்" என்ற பேச்சிலேயே போய்விட்டன. மூன்றாவது வாரம் செய்த வேலைதான் முடிவுக்குக் கொண்டுவந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

படி 1: வசதியின் பெயரே வராமல் பிரச்சினையை எழுதுங்கள்

"`??` வேண்டும்" என்பது பிரச்சினை அல்ல. எங்கள் பிரச்சினை இந்த வரி:

`ஒலி = ஒலியளவு || 50`

பயனர் ஒலியளவை 0 என்று வைத்தால் இது 50 ஆக்கிவிடுகிறது. மதிப்பே இல்லை என்பதையும் மதிப்பு சுழியம் என்பதையும் `||` என்ற 'அல்லது' குறி பிரித்துப் பார்ப்பதில்லை.

வசதி இல்லாத குறைக்கு ஆட்கள் தப்பான குறுக்குவழியைப் பழகிவிட்டார்கள் என்றால் அது வலுவான சான்று. பைத்தானில் இப்படித்தான் நடந்தது. ஒரே வரியில் 'இது, இல்லையென்றால் அது' என்று எழுத வழி இல்லாதபோது பலர் 'ஆண்ட்', 'ஆர்' இரண்டையும் கோத்துச் சமாளித்தார்கள். நடுவில் வரும் மதிப்பு சுழியமாகவோ காலியாகவோ இருந்தால் விடை தப்பாகும். 2006இல் வந்த 2.5 பதிப்பில்தான் அதற்கென்று தனி அமைப்பு கிடைத்தது.

படி 2: மொழியைத் தொடாமல் தீர்க்க முடியுமா?

`இல்லையேல்(ஒலியளவு, 50)` என்று ஒரு ஃபங்ஷன் எழுதினால் போதாதா? பாதி தூரம் போதும். ஆனால் ஃபங்ஷனை அழைக்கும் முன்பே இரண்டு மதிப்புகளும் கணக்கிடப்பட்டுவிடும். 50க்குப் பதிலாக டேட்டாபேஸைத் தொடும் அழைப்பு இருந்தால், தேவையில்லாதபோதும் அது ஓடும். ஃபங்ஷனால் முடியாதது எது என்று இப்படி ஒரே வாக்கியத்தில் சொல்ல முடியவில்லை என்றால், லைப்ரரியில் ஒரு ஃபங்ஷனோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

படி 3: இருக்கும் நிரலைத் திருத்தி எழுதிப் பாருங்கள்

நான் தடுக்கி விழுந்த இடம் இது. எங்கள் நிரல் முழுவதும் `||` என்று தேடினேன். பெரிய குவியல் வந்தது. "இத்தனை இடத்தில் பயன்படும்" என்று அப்படியே குழுவிடம் கொண்டுபோனேன். ஒவ்வொன்றையும் திறந்து மாற்றிக் காட்டும்படி சக ஊழியர் ஒருவர் கேட்டார். சரி என்று உட்கார்ந்தேன்.

பெரும்பகுதி சாதாரண 'இதுவோ அதுவோ' நிபந்தனைகள். அவற்றுக்கும் `??`க்கும் சம்பந்தமே இல்லை. அடுத்த வகைதான் என்னை உலுக்கியது:

`காட்டு(பெயர் || "பெயரிலி")`

பெயர்ப் பெட்டியை நிரப்பாமல் விட்டால் எங்களுக்கு வருவது `""` என்ற காலி எழுத்துச்சரம். `||` அதையும் பிடித்து "பெயரிலி" என்று காட்டுகிறது. `??` பிடிக்காது, திரையில் வெற்றிடம்தான் தெரியும். நான் ஆதாரமாக எண்ணிய இடத்தில் என் ஆப்பரேட்டர் புதுப் பிழையை உண்டாக்கியிருக்கும்!

உண்மையில் பயன்படும் இடங்கள் கொஞ்சம்தான். ஆனால் அவை ஒவ்வொன்றும் நிஜமான பிழை. அதோடு, `||`ஐத் தேடியதில் சிக்காத நீள வடிவங்களும் இருந்தன. 'வெற்றா என்று பார், இல்லையென்றால் அதே மதிப்பைக் கொடு' என்று கவனமாக எழுதியவர்களின் வரிகள் அவை. அவற்றைத் தனியாகத் தேட வேண்டும்.

இதற்கு வெறும் எழுத்துத் தேடலை நம்பாதீர்கள். ஏஎஸ்டி-கிரெப் போல நிரலின் அமைப்பைப் புரிந்து தேடும் கருவி வேண்டும். மதிப்பெண் போடும் அட்டவணைகள் எனக்குப் பிடிக்காது. பழைய வரி, புதிய வரி இரண்டையும் அடுத்தடுத்து எழுதிய சாதாரண கோப்பு போதும்.

ஒரு கோவைக்கு நடுவிலேயே மாறிக்கு மதிப்பு கொடுக்கும் `:=` குறியைப் பைத்தானில் சேர்ப்பது பற்றிய விவாதத்தில், அந்த மொழியின் மூத்த டெவலப்பர் டிம் பீட்டர்ஸ் இதைத்தான் செய்தார். தன் பழைய நிரல்களைப் புரட்டி, எங்கே உதவும், எங்கே உதவாது என்று எழுதினார். முன்மொழிவின் பின்னிணைப்பில் அது இருக்கிறது. அந்த விவாதம் எவ்வளவு சூடானது என்றால், அது முடிந்த கையோடு, 2018 ஜூலையில், இறுதி முடிவெடுக்கும் பொறுப்பிலிருந்தே பைத்தானை உருவாக்கிய கைடோ வான் ரோசம் விலகினார்.

படி 4: பக்கத்து வீட்டோடு ஒத்துப்போகுமா?

`அ || ஆ ?? இ` என்று ஏற்கெனவே இருக்கும் குறியோடு கலந்து எழுதினால் எதை முதலில் கணக்கிடுவது? ஜாவாஸ்கிரிப்ட் அடைப்புக்குறி இல்லாமல் இப்படிக் கலப்பதையே பிழையாக்கிவிட்டது. நாங்களும் அதையே எடுத்துக்கொண்டோம்.

படி 5: கழித்தல் 100இலிருந்து தொடங்குங்கள்

சி ஷார்ப் மொழிக் குழுவில் இருந்த எரிக் கன்னர்சன் சொன்ன முறை இது: எந்த வசதியும் கழித்தல் 100 புள்ளியில்தான் தொடங்குகிறது. கொஞ்சம் நல்லது என்பது அந்தப் பள்ளத்தை நிரப்பாது. மூன்றாம் படியின் கோப்பை எல்லோரும் படித்தபின், எதிர்த்தவர்களும் அந்த நிஜப் பிழைகளைக் கண்டு சம்மதித்தார்கள். `பெயர்` போன்ற இடங்களில் `||` அப்படியே இருக்கட்டும் என்று நானும் ஒப்புக்கொண்டேன்.

பின்சேர்க்கை: குறிக்குப் பதிலாகப் புதிய கீவேர்ட் (மொழி தனக்கென்று ஒதுக்கிக்கொள்ளும் சொல்) சேர்ப்பதாக இருந்தால் என்ன செய்வது என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். நான் விட்டுவிட்ட முக்கியமான விஷயம். பைத்தான் 3.7இல் 'அசிங்க்' கீவேர்ட் ஆனபோது, அதே சொல்லை அளவுருப் பெயராக வைத்திருந்த லைப்ரரிகள் உடைந்தன. அப்புறம் 3.10இல் 'மேட்ச்' வந்தபோது, பெயராகவும் தொடர்ந்து பயன்படுத்தும்படி மென்மையான கீவேர்டாகச் சேர்த்தார்கள். ஆகவே சொல்லைச் சேர்ப்பவர்கள், மூன்றாம் படியிலேயே அந்தச் சொல் எங்காவது ஒரு மாறியின் பெயராக இருக்கிறதா என்றும் தேடிவிடுங்கள்.