புயல் எங்கே கரை கடக்கிறது என்பது மட்டுமா கேள்வி?

வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவாகிவிட்டால், வடசென்னையில் ராயபுரம் முதல் எண்ணூர் வரை எல்லார் வாயிலும் வரும் கேள்வி "எங்கே கரை கடக்கிறது?" என்பதுதான். ஆந்திரா என்று செய்தி வந்ததும் நிம்மதியாகி, தரையில் கிடக்கும் அரிசி மூட்டையைக்கூட மேலே ஏற்றாமல் தூங்கப் போய்விடுகிறோம். தவறுகளிலேயே பெரியது இது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கரை கடந்தது ஆந்திராவின் பாபட்லா அருகே. நமக்கு வடக்கே ஏறக்குறைய 300 கிலோமீட்டர். ஆனால் முந்தைய நாள் அது சென்னையை ஒட்டிய கடலில் மெல்ல ஊர்ந்துகொண்டிருந்தது. அதன் மழை மேகங்கள் மணிக்கணக்கில் இதே ஊரின் மேல் கொட்டின. கடல் கொந்தளிக்கும்போது முகத்துவாரம் வெள்ளத்தை எளிதில் உள்வாங்காது; கொசஸ்தலையாறும் பக்கிங்காம் கால்வாயும் ததும்பி நிற்கும். அந்த வெள்ளத்தில் மணலிப் பக்கமிருந்து கலந்து வந்த எண்ணெய், எண்ணூரில் படகுகளிலும் வலைகளிலும் கறுப்பாக அப்பிக்கொண்டது. எவ்வளவு நெருங்கி வருகிறது, எவ்வளவு வேகமாக நகர்கிறது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். கரையோரம் தயங்கி நிற்கும் புயலுக்குத்தான் நாம் அஞ்ச வேண்டும்.

"வெறும் தாழ்வுதானே, புயல் இல்லையே" என்பது அடுத்தது. இந்தப் பெயர்கள் காற்றின் வேகத்தை வைத்துச் சூட்டப்படுபவை. மணிக்கு 31 கிலோமீட்டரை எட்டினால் தாழ்வு மண்டலம், 62 என்றால் புயல். மழையின் அளவுக்கு அதில் இடமில்லை. 2015 டிசம்பர் 1 அன்று சென்னையை மூழ்கடித்த மழைக்குப் புயல் எதுவும் தேவைப்படவில்லை. துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டின் எண்கூட கப்பல்களுக்கானதுதான். தெருவில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்று அது சொல்லாது.

தாழ்வு வந்தாலே மழை என்று நம்புவதும் தவறு. நம் பகுதியில் தாழ்வைச் சுற்றிக் காற்று இடஞ்சுழியாக வீசும். காற்று முதுகில் படும்படி நின்றால், தாழ்வின் மையம் ஏறக்குறைய உங்கள் இடக்கைப் பக்கம் இருக்கும். காசிமேட்டுப் படகுகளின் கொடி வடகிழக்குக் காற்றில் படபடத்தால் தாழ்வு நமக்குத் தென்கிழக்கே இருக்கிறது. கடலின் ஈரம் நம்மை நோக்கி வருகிறது. அதே கொடி கடல் பக்கம் திரும்பி, மேற்குக் காற்று வலுத்தால் தாழ்வு வடக்கே போய்விட்டது. வருவது வறண்ட நிலக்காற்று. 2019 மே மாதம் ஒடிசாவுக்குப் போன ஃபானி நமக்கு மழை தராமல் போனது இப்படித்தான்.

ஐரோப்பிய, அமெரிக்க விளக்கப்படங்களைப் பார்த்துவிட்டு, குளிர்ந்த காற்றுத் திரளும் வெப்பக் காற்றுத் திரளும் மோதும் எல்லையான வளிமுகத்தை இங்கே தேடாதீர்கள். வெப்பநிலை பெரிதும் வேறுபடும் இரண்டு காற்றுகள் நம் ஊரில் சந்திப்பது அரிது. இங்கே அந்த வேலையைச் சிறிய அளவில் செய்வது கடற்காற்று. ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்கிலிருந்து வரும் காற்றோடு அது முட்டும் இடத்தில் மாலையில் இடிமழை எழும்பும். வியாசர்பாடி நனைந்து, காசிமேடு காய்ந்து கிடப்பதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

கடைசியாக, வாட்ஸ்அப்பில் வரும் ரேடார் படத்தை அனுப்புமுன் தேதியையும் நேரத்தையும் பாருங்கள். யுடிசி (உலகப் பொது நேரம்) என்று குறித்திருந்தால், நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும். இரவு எட்டு மணிக்குக் கையில் கிடைத்த படம் மதியத்தினுடையதாக இருக்கக்கூடும்.